நாற்பத்தேழு

பனேவெஜிஸில் ஜனவரி.
நான்கு மணிக்கே இருட்டிவிடும்.
எனக்கென்ன, இந்த அறைக்கு ஜன்னலே கிடையாது.
ஒரு ஹீட்டர், இரண்டு திரை,
சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து
தோள்பட்டைக் களிம்பின் வாடை.

ஸ்கிர்மன்டாஸ். வயது இருபத்து மூன்று.
போன வருடம் ஆட்டத்துக்குப் பதினான்கு புள்ளி.
இந்த வருடம் ஒன்பது.
'தேய்கிறான்' என்று எழுதிவிட்டது உள்ளூர்ப் பத்திரிகை.
ரொட்டிக்கடை ஜெனோவைட்டே
மீதிச் சில்லறையோடு அதையும் என் கையில் வைத்தாள்.
மானேஜர் கேட்டது ஒன்றுதான்:
"முன்னேறியிருக்கிறானா? ஆமா, இல்லையா?"

அந்த ஆமாவுக்கும் இல்லைக்கும் நடுவில்தான்
எனக்குச் சம்பளம்.

ஷாட் விழும் வீதம் ஏறியிருக்கிறது.
ஆனால் குறைவாக எறிகிறவனுக்கு வீதம் ஏறுவது
குறைவாகப் பேசுகிறவன்
அறிவாளியாகத் தெரிவது போலத்தான்.

அவன் களத்தில் இருந்தால்
நூறு முறை பந்து கைமாறுவதற்குள்
பதினோரு புள்ளி முந்துகிறோம்.
பெஞ்சில் உட்கார்ந்தால் இரண்டு பிந்துகிறோம்.
துள்ளிக் குதித்திருக்கலாம். குதிக்கவில்லை.
அந்த நிமிடங்களில் முக்கால்வாசி
ரீகாவிலிருந்து வந்த முப்பத்தாறு வயது ரால்ஃப்ஸ்
பக்கத்திலேயே நின்று பந்தை ஊட்டியிருக்கிறான்.
பதினொன்று யாருடையது?
நேவெஜிஸ் ஆற்றிலும் அன்னங்கள் உண்டு.
பால் வேறு நீர் வேறென்று
அவை எனக்கு எதையும் பிரித்துத் தந்ததில்லை.

ரால்ஃப்ஸ் இல்லாத நிமிடங்களை மட்டும்
அரித்தெடுத்தேன். தொண்ணூற்றாறு.
ஒரு சோறு பதம் பார்ப்பது பானைக்குச் சரி.
இவன் திங்கட்கிழமை ஓர் அடுப்பிலும்
வியாழக்கிழமை வேறோர் அடுப்பிலும் வேகிறவன்.
பிழை எல்லை
என் மேசையைவிட அகலம்.

ஆகவே காணொளி. பத்தொன்பது ஆட்டம், சத்தமில்லாமல்.

இரண்டாம் இரவு,
ஷௌலெய் அணிக்கு எதிராக, மூன்றாம் கால்பகுதி.
இடது மூலையில் அவன் கைக்குப் பந்து வருகிறது.
எதிராளி கையை உயர்த்துகிறான்.
போன வருடத்து ஸ்கிர்மன்டாஸ் எம்பியிருப்பான்
(விட்டால் பஸ் ஜன்னல் வழியாகக்கூட எறிவான்).
இவன் எம்பவில்லை.
தோளை மட்டும் ஒரு பொய் சொல்லவைத்து
கோட்டோரமாய்ப் பந்தைத் தள்ளினான்.
அங்கிருந்து இன்னொரு பாஸ்.
பிறகு கூடை.
புள்ளி மூன்றாமவனுக்கு.
பாஸ் கொடுத்த பெயர் இரண்டாமவனுக்கு.
இவனுக்கு?
நடக்காத ஷாட்டுக்கு
என் அட்டவணையில் இடமே இல்லை.

புதிதாய் ஒரு பத்தி போட்டேன்.
தலைப்பு வைக்கத் தெரியாமல் ஒரு கேள்விக்குறி.
பென்சிலால் நான்கு கோடு, குறுக்கே ஒன்று,
மறுபடி நான்கு.
போன வருடம் முழுக்க ஆறு.
இந்த வருடம் இதுவரை நாற்பத்தேழு.

"நாற்பத்தேழு என்ன?" என்றார் மானேஜர்.
"எறியாமல் விட்டவை."
"எறியாததற்கா காசு கொடுக்கச் சொல்கிறாய், ஸிவிலே?"
ஆமாம் என்றேன்.
உறுத்தியது. மேலும் சொன்னேன்:
எண்ணியது என் இரண்டு கண் மட்டும்,
அதில் மூன்றாம் இரவின் தூக்கமும் கலந்திருக்கிறது,
வேறொருவர் எண்ணினால் நாற்பது வரலாம்,
ஐம்பத்தைந்தும் வரலாம்.
அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.
அவருக்கு ஜன்னல் இருக்கிறது.

ஒரு வருட ஒப்பந்தம். பழைய சம்பளம்.

நடைபாதையில் முழங்காலுக்கு ஐஸ் கட்டியபடி
உட்கார்ந்திருந்தான்.
கேட்டுவிட்டேன்:
அந்த ஷாட்டையெல்லாம் ஏன் எறியாமல் விட்டாய்?

ஐஸ் பையைக் கொஞ்சம் நகர்த்தினான்.
நெற்றியைச் சுருக்கி, நிஜமாகவே யோசித்து,

"எந்த ஷாட்?" என்றான்.